இரவில் 38 நோயாளிகள், இரண்டு பேர்: இந்தத் தொழிலில் தொடர்வதா?

கேள்வி
எழுதியவர்: இரவுப்பணி (கோயம்புத்தூர்)

அனைவருக்கும் வணக்கம். பி.எஸ்சி நர்சிங் முடித்து நான்கு ஆண்டுகளாக ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாகப் பணிபுரிகிறேன். ஏறத்தாழ 150 படுக்கைகள் உள்ள மருத்துவமனை. அறுவை சிகிச்சை முடிந்தவர்களை வைத்திருக்கும் வார்டில் எனக்கு வேலை. இரவுப் பணியில் பெரும்பாலும் 38 நோயாளிகளுக்கு இரண்டு பேர் இருப்போம். அந்த இருவரில் ஒருவர் ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பு முடித்த உதவியாளர். செவிலியர் குழுமத்தில் பதிவு பெற்றவள் நான் ஒருத்திதான். இருவருக்கும் ஒரே நிறச் சீருடை. நோயாளிகள் இருவரையும் 'சிஸ்டர்' என்றே அழைக்கிறார்கள்.

சென்ற மாதம் ஓர் இரவு, குடல் அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாளில் இருந்த ஒரு பெரியவர் இரண்டு மணியளவில் படுக்கையில் நிலைகொள்ளாமல் புரண்டுகொண்டிருந்தார். மூச்சு நிமிடத்துக்கு 24, நாடி 106. இரத்த அழுத்தம் சரியாகத்தான் இருந்தது. அன்று மாலை வரை தெளிவாகப் பேசியவர், அருகில் இருந்த மகனை வேறு யாரோ ஒருவரின் பெயரைச் சொல்லி அழைத்தார். ஏதோ சரியில்லை என்று எனக்குப் பட்டது. அரை மணி நேரத்தில் திரும்ப வந்து பார்க்க வேண்டும், மாற்றமில்லை என்றால் மருத்துவரை எழுப்ப வேண்டும் என்று மனத்தில் குறித்துக்கொண்டேன். அதற்குள் அவசரப் பிரிவிலிருந்து புதிய அட்மிஷன் வந்தது. காலையில் டிஸ்சார்ஜ் ஆக வேண்டிய நால்வரின் காப்பீட்டுத் தாள்களை முடிக்க வேண்டியிருந்தது. இண்டென்ட் போட்ட மருந்து மேலே வராததால் நானே மருந்தகத்துக்கு இறங்கிப் போனேன். மறுபடியும் அவரிடம் சென்றபோது மணி நான்கு இருபது. கைகால் சில்லிட்டு, அழுத்தம் இறங்கியிருந்தது. உடனே ஐசியுவுக்கு மாற்றினோம். பத்து நாட்களில் நலமாக வீடு திரும்பினார்.

என்னை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. கேஸ் ஷீட்டில் என் பதிவுகள் எல்லாம் முறையாகவே இருந்தன. ஆனால் நான் கவனித்திருந்தேன், அதன் பொருளும் எனக்குப் புரிந்திருந்தது, புரிந்தும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவரிடம் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த இரவுக்குப் பிறகு, நான்கு ஆண்டுகள் நான் படித்தது எதற்காக என்ற கேள்வி என்னை விடாமல் துரத்துகிறது. ஊசி போடுவதையும் டிரிப் மாற்றுவதையும் தாள் நிரப்புவதையும் மட்டும்தான் செய்யப்போகிறேன் என்றால், என்னைச் செவிலியர் என்று சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது?

சென்னையில் ஒரு நிறுவனத்தில் மெடிக்கல் கோடிங் வேலை, அதாவது நோயையும் சிகிச்சையையும் குறியீடுகளாகப் பதியும் வேலை, கிடைத்திருக்கிறது. பகல் நேரப் பணி, சம்பளமும் இதைவிட அதிகம். என்னோடு படித்தவர்களில் பலர் ஏற்கெனவே அந்தப் பக்கம் போய்விட்டார்கள். எல்லா இடத்திலும் செவிலியர் பற்றாக்குறை என்கிறார்கள். படித்த நாங்களோ ஒவ்வொருவராக வெளியேறிக்கொண்டிருக்கிறோம். இது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ளாமல் முடிவெடுக்க எனக்கு மனமில்லை. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.


மறுமொழி 1
எழுதியவர்: ஓய்வுபெற்ற செவிலியர் (மதுரை)

மகளே, உன் கேள்வியை மூன்று முறை படித்தேன். 1984இல் ஓர் அரசு மருத்துவமனையில் பணியில் சேர்ந்து 2019இல் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். நீ சொன்ன இரவைப் போன்ற இரவுகள் எனக்கும் உண்டு. அவற்றில் சில நல்லபடியாக முடியவில்லை.

பற்றாக்குறை என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். 2023ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகில் 2 கோடியே 98 லட்சம் செவிலியர் இருப்பதாகவும், இன்னும் 58 லட்சம் பேர் தேவைப்படுவதாகவும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்த எண்ணைக் கேட்பவர்கள், போதுமான பெண்கள் இந்தப் படிப்புக்கு வருவதில்லை என்று எண்ணிக்கொள்கிறார்கள். நம் மாநிலத்தில் நடந்ததைப் பார். 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் போட்டித் தேர்வு நடத்தியபோது ஆயிரக்கணக்கானோர் எழுதித் தேறினார்கள். அவர்களுக்குக் கிடைத்தது மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். காலமுறை ஊதியத்துக்கு மாற்றுவார்கள் என்று காத்திருந்து, 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை இயக்குநரகம் இருக்கும் டிஎம்எஸ் வளாகத்தில் இரவு பகலாகத் தரையில் அமர்ந்து போராடினார்கள். கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு போகச் சொன்னார்கள். பயிற்சி பெற்ற கைகள் இருந்தன. அந்தக் கைகளுக்குப் பணியிடம் உருவாக்கப்படவில்லை. பற்றாக்குறை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, நிரப்பக்கூடிய இடத்தை நிரப்பாமல் விடுவதுதான் என்பது என் முடிவு.

இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல் பொது மருத்துவமனையின் சாதாரண வார்டில் ஐந்து நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், கற்பிக்கும் மருத்துவமனையில் மூவருக்கு ஒருவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர். விடுப்பில் செல்பவர்களுக்காக 30 சதவீதம் கூடுதலாக வைத்திருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. உன் வார்டையும் இதையும் ஒப்பிட்டுக்கொள். உன் இரண்டு மணி நேரம் எங்கே போயிற்று என்பது விளங்கும்.

நம் தொழிலின் முழு உருவத்தை நான் கண்ட இடம் எது என்று கேட்டால், பெரிய மருத்துவமனையைச் சொல்ல மாட்டேன். ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று ஸ்டாஃப் நர்ஸ்களை அமர்த்தி, இருபத்துநான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்கத் தொடங்கிய காலத்தில் நான் ஒரு தாலுகா மருத்துவமனையின் பிரசவ அறையில் இருந்தேன். அங்கிருந்து வரும் கர்ப்பிணிகளோடு ஒரு பரிந்துரைச் சீட்டு வரும். பிரசவம் எப்படி முன்னேறுகிறது என்று குறிக்கும் வரைபடத் தாளுக்குப் பார்ட்டோகிராஃப் என்று பெயர். 'பார்ட்டோகிராஃபில் இரவு 1.40 மணிக்கு எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டியது, சிசுவின் இதயத் துடிப்பு இவ்வளவு, அனுப்புகிறேன்' என்று எழுதி, கீழே அந்தச் செவிலியரின் கையொப்பம் இருக்கும். ஒப்பந்தச் சம்பளத்தில் இருந்த பெண்கள் அவர்கள். ஆனாலும் நடு இரவில் தனியாக நின்று பார்த்து, தீர்மானித்து, அந்தத் தீர்மானத்துக்குக் கீழே தம் பெயரை எழுதினார்கள். தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளிலும் சுகாதார நிலையங்களிலும் நடந்தன என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்லும்போது, எனக்கு அந்தச் சீட்டுகள்தான் நினைவுக்கு வருகின்றன.

அந்த இரவு இரண்டு மணிக்கு நீயும் அதைத்தான் செய்தாய். பார்த்தாய், தீர்மானித்தாய். மீதியைச் செய்ய உனக்கு ஆள் தரப்படவில்லை.


மறுமொழி 2
எழுதியவர்: சிறு மருத்துவமனை நிர்வாகி (ஈரோடு)

சகோதரி, மறுதரப்பையும் சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். நோயாளிக்குத் தரும் பில்லில் 'நர்சிங் சார்ஜ்' என்று ஒரு வரி இருக்கும். அந்தத் தொகை அறையின் வகையைப் பொறுத்துக் கூடும் அல்லது குறையும். அந்த அறைக்கு எத்தனை செவிலியர் இருந்தார்கள் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலோ ஓர் அறுவை சிகிச்சைக்கு ஒரே தொகுப்புக் கட்டணம். எல்லாச் செலவும் அதற்குள் அடங்க வேண்டும். நான் இன்னும் இருவரை இரவுப் பணிக்கு அமர்த்தினால் ஒரு ரூபாயும் கூடுதலாக வராது, செலவு மட்டும் கூடும். எனவே ஒவ்வொரு முறை கணக்குப் பார்க்கும்போதும் முதலில் கை வைக்கப்படுவது செவிலியர் எண்ணிக்கையில்தான். இது சரி என்று நான் வாதிடவில்லை. மருத்துவர் வந்து பார்த்தால் கட்டணம், ஸ்கேன் எடுத்தால் கட்டணம், ஒரு செவிலியர் சரியான நேரத்தில் கவனித்ததால் ஐசியுவுக்குப் போகாமல் தப்பிய நோயாளிக்குக் கணக்கில் எந்த இடமும் இல்லை. இந்த அமைப்பு மாறாமல், நல்ல மனம் கொண்ட நிர்வாகி ஒருவரால் மட்டும் இதைச் சரிசெய்துவிட முடியாது என்பதை என் அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

காப்பீட்டுத் தாள்களை இரவுச் செவிலியர் நிரப்புவதற்கு மட்டும் எந்த நியாயமும் இல்லை. எங்களிடம் அதற்குத் தனியாக ஒருவர் இருக்கிறார். அவருடைய சம்பளம் பெரிய செலவும் அல்ல.


மறுமொழி 3
எழுதியவர்: வடக்குக் காற்று (லீட்ஸ், இங்கிலாந்து)

தங்கைக்கு வணக்கம். திருச்சியில் ஆறு ஆண்டுகள் பணிபுரிந்துவிட்டு 2019இல் இங்கே வந்தேன். ஆண் செவிலியன் என்பதால், ஊரில் 'கம்பவுண்டரா?' என்று கேட்காத உறவினர் இல்லை. அடையாளம் பற்றிய கேள்வி எனக்குப் பழகியது.

உங்கள் பெரியவரை இங்குள்ள கணக்கில் வைத்துப் பார்த்தேன். பிரிட்டனில் பெரியவர்களுக்கான பெரும்பாலான வார்டுகளில் நியூஸ்-2 என்ற எச்சரிக்கை மதிப்பெண் முறை இருக்கிறது. மூச்சு 24 என்றால் 2 புள்ளி, நாடி 106 என்றால் 1 புள்ளி, புதிதாக ஏற்பட்ட மனக்குழப்பத்துக்கு 3 புள்ளி. ஆக 6. ஐந்தைத் தொட்டாலே மருத்துவர் அவசரமாக வந்து பார்க்க வேண்டும், குறைந்தது மணிக்கொரு முறை அளவுகளை மீண்டும் எடுக்க வேண்டும். 'ஏதோ சரியில்லை' என்று நீங்கள் உணர்ந்தது, இங்கே ஒரு தாளில் எண்ணாக மாறி, அந்த எண் மருத்துவரைப் படுக்கைக்கு அழைத்து வருகிறது. இரத்த அழுத்தம் சரியாக இருந்தபோதே நீங்கள் அதைக் கண்டுகொண்டீர்கள் என்பதைக் கவனியுங்கள். அழுத்தம் இறங்குவது கடைசியில் வரும் அறிகுறி. அதற்கு முன்பே காண்பதற்குத்தான் நாம் படித்தோம்.

ஆளெண்ணிக்கை வெறும் வசதி பற்றிய விஷயம் என்று யாராவது சொன்னால், 2002இல் லிண்டா ஐக்கனும் அவருடைய குழுவினரும் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளில் செய்த ஆய்வைச் சொல்லுங்கள். அறுவை சிகிச்சை நோயாளிகளைப் பற்றியதுதான் அது. ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, முப்பது நாட்களுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும், செவிலியர் மனம் சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதமும் கூடுவதாகக் கண்டார்கள். கலிபோர்னியா மாநிலம் 1999இல் சட்டம் இயற்றி, 2004 முதல் எண்ணிக்கையைக் கட்டாயமாக்கியது. அங்கே சாதாரண வார்டில் ஒரு செவிலியருக்கு ஐந்து நோயாளிகளுக்கு மேல் கொடுக்கக் கூடாது.

இங்கே எனக்குப் பிடித்த ஒன்று, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும் முறை. 450 மணி நேரப் பணியும் 35 மணி நேரக் கற்றலும் காட்ட வேண்டும். அவற்றோடு, என் பணியில் நடந்தவற்றை நானே எண்ணிப் பார்த்து ஐந்து குறிப்புகள் எழுதி, இன்னொரு செவிலியரோடு அமர்ந்து அவற்றைப் பேச வேண்டும். நீங்கள் மேலே எழுதியிருப்பது அப்படிப்பட்ட ஒரு குறிப்புதான். அதைக் கேட்க ஊரில் உங்களுக்கு யாருமில்லை, இங்கே அது என் கடமையில் ஒரு பகுதி என்பது பெரிய வேறுபாடு.

ஆனால் இங்கே வந்தால் எல்லாம் தீரும் என்று எண்ண வேண்டாம். ஆறு ஆண்டு அனுபவத்தோடு வந்த நான், கணினித் தேர்வும் செய்முறைத் தேர்வும் முடித்து, புதிதாகப் படித்து வந்தவர்கள் சேரும் அதே ஐந்தாம் நிலையில்தான் தொடங்கினேன். ஊரில் நானே போட்ட ஐவி கேனுலாவை, அதாவது டிரிப் ஏற்ற இரத்தக் குழாயில் செருகும் சிறு குழாயை, இங்கே பயிற்சி பெற்றதாகக் கையொப்பம் கிடைக்கும்வரை தொடக்கூட முடியவில்லை. 2022இல் இங்கிலாந்தில் மட்டும் 46,000க்கும் மேற்பட்ட செவிலியர் இடங்கள் காலியாக இருந்தன. அந்த ஆண்டு டிசம்பரில், தன் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாற்றில் முதன்முறையாக, ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங் என்ற செவிலியர் சங்கம் அவ்வளவு பெரிய அளவில் வேலைநிறுத்தம் செய்தது. இந்தக் காலி இடங்களுக்குத்தான் நம்மை அழைக்கிறார்கள். உலகச் செவிலியரில் ஏழில் ஒருவர் பிறந்த நாட்டுக்கு வெளியே பணிபுரிகிறார். நான் வந்ததால் இங்கே ஓர் இடம் நிரம்பியது. திருச்சியில் என் வார்டில் அந்த இடம் எத்தனை மாதம் காலியாகக் கிடந்தது என்பதை நண்பர்கள் சொல்லித்தான் அறிந்தேன். அந்த எண்ணம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.


மறுமொழி 4
எழுதியவர்: நர்சிங் கல்லூரி ஆசிரியை (வேலூர் மாவட்டம்)

நீங்கள் சொல்லும் வேதனைக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதை முதலில் தெரிவித்துவிடுகிறேன், ஏனெனில் பெயர் இல்லாத வேதனையை நாம் நம்முடைய குறை என்று எடுத்துக்கொள்கிறோம். செய்ய வேண்டியது எது என்று தெளிவாகத் தெரிந்திருந்தும், பணியிட அமைப்பின் தடைகளால் அதைச் செய்ய முடியாமல் போகும் நிலையை, 1984இல் ஆண்ட்ரூ ஜேமட்டன் என்ற அறவியலாளர் செவிலியர்களைப் பற்றி எழுதும்போது அடையாளம் கண்டார். தமிழில் இதை அறத்துயர் என்று சொல்லலாம். எது சரி என்று தெரியாதவருக்கு இந்தத் துயர் வருவதில்லை. உங்களுக்கு இது வந்திருப்பதே, உங்களுக்குள் இருக்கும் செவிலியர் இன்னும் விழித்திருக்கிறார் என்பதற்கு அடையாளம்.

ஓய்வுபெற்ற அம்மையார் சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆயினும், பணியிடங்களை நிரப்பினால் மட்டும் போதும் என்பது போல் வாசிக்க இடம் இருக்கிறது. அதில் எனக்குச் சிறு வேறுபாடு உண்டு. நம்மைத் 'தாய் உள்ளம் கொண்டவர்கள்' என்று செவிலியர் தினமான மே 12 அன்று மேடையில் பாராட்டுகிறார்கள். அகப் பாடல்களில் வரும் செவிலி, தலைவியை வளர்த்த தாய். அந்தச் சொல்லிலிருந்தே நம் பெயர் வந்தது. அழகான சொல்தான். ஆனால் தாய்மைக்கு வேலை நேரமும் இல்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை, ஊதியமும் இல்லை. முப்பத்தெட்டு பேரையும் தாயைப் போலப் பார்த்துக்கொள் என்று சொல்வது எளிது; முப்பத்தெட்டு பேரின் மூச்சையும் நாடியையும் மதிப்பிடு என்று சொன்னால், உடனே எத்தனை பேரால் என்ற கேள்வி எழும். அந்தக் கேள்வி எழாமல் இருப்பதற்கு இந்தப் பாராட்டு துணைபோகிறது என்று நான் நினைக்கிறேன்.

எங்கள் பக்கத்திலும் பிழை இருக்கிறது. விளக்கேற்றி உறுதிமொழி எடுக்கும் நாளில் மாணவிகளின் முகத்தில் தெரியும் பெருமை உண்மையானது. ஆனால் பல இடங்களில் பயிற்சிக்குச் செல்லும் மாணவிகளே வார்டின் ஆள்பற்றாக்குறையை அடைக்கிறார்கள். 'எல்லா ஊசியும் போட்டாயிற்றா, எல்லாச் சார்ட்டும் எழுதியாயிற்றா' என்பதுதான் அவர்கள் அங்கே தினமும் கேட்கும் கேள்வி. நர்சிங் என்பது முடிக்க வேண்டிய வேலைகளின் வரிசை என்று அவர்கள் கற்றுக்கொண்டால், வியக்க என்ன இருக்கிறது? பணி மாறும்போது அடுத்து வருபவரிடம் நோயாளிகளின் விவரம் சொல்லி ஒப்படைப்பதை, அதாவது ஓவர் கொடுப்பதைக் கேட்டுப் பாருங்கள்: டிரிப் மாற்றியது, பில் அடைத்தது, டிஸ்சார்ஜ் தாள் தயாரானது எல்லாம் வரும். 'இந்த நோயாளியின் நிலை எனக்குக் கவலையாக இருக்கிறது, காரணம் இது' என்ற வாக்கியம் மிக அரிதாகவே வரும். என் மாணவிகள் ஓவர் எடுக்கும்போது அந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

ஊதியம் பற்றியும் ஒரு சொல். தனியார் மருத்துவமனைச் செவிலியர் பற்றி இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் ஒரு குழு அமைக்கச் சொன்னது. 200 படுக்கைகளுக்கு மேல் இருந்தால் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம், 100 முதல் 200 வரை என்றால் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50 படுக்கைகளுக்கும் குறைவான இடத்தில்கூட 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. பரிந்துரை சட்டம் ஆகாது என்பதால் அதை நடைமுறைப்படுத்துவது மாநிலங்களின் கையில் நின்றது. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு கேரளம் 2018இல் குறைந்தபட்ச ஊதியத்தை 20,000 ரூபாயாக அறிவித்தது. 150 படுக்கை உள்ள இடத்தில் பணிபுரியும் நீங்கள் இந்த அளவோடு உங்கள் சம்பளத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கோடிங் வேலைக்குப் போவது துரோகம் ஆகாது. போனால் பதிவை மட்டும் காலாவதியாக விடாதீர்கள்.


மறுமொழி 5
எழுதியவர்: இரவுப்பணி

அம்மா, அண்ணா, ஆசிரியை, நிர்வாகி ஐயா, அனைவருக்கும் நன்றி. 6 புள்ளி என்று படித்தபோது சற்று நேரம் அழுதேன். அதன்பின் மனம் கொஞ்சம் லேசாக இருந்தது. சென்னை நிறுவனத்திடம் மூன்று வாரம் அவகாசம் கேட்டிருக்கிறேன், ஒப்புக்கொண்டார்கள். அதற்குள் இங்கே இரண்டு விஷயங்களைக் கேட்டுப் பார்க்கப் போகிறேன்: காப்பீட்டுத் தாள் வேலையை இரவுச் செவிலியரிடமிருந்து எடுத்துவிட வேண்டும்; பதிவு பெற்ற இன்னொருவர் இரவில் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றாவது நடந்தால் தங்குவேன் என்று எனக்குள் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று முன்தினம் இன்சார்ஜ் சிஸ்டரிடம் பேச்சைத் தொடங்கினேன். அவர் கோபப்படவில்லை. 'வாயால் சொன்னால் மேலே யாரும் கேட்க மாட்டார்கள், எழுத்தில் இருந்தால் நானும் கூட வந்து பேசுகிறேன்' என்றார். அம்மா, நிர்வாகத்துக்கு எதிராகப் புகார் எழுதுவது போல் இல்லாமல் இதை எப்படி எழுதுவது?


மறுமொழி 6
எழுதியவர்: ஓய்வுபெற்ற செவிலியர் (மதுரை)

மகளே, புகார் என்ற சொல்லே வேண்டாம். ஒவ்வொரு இரவும் டியூட்டி ரிப்போர்ட் எழுதுவாய் அல்லவா, அதன் தலைப்பிலேயே நான்கு எண்களை எழுது: பணி தொடங்கும்போது நோயாளிகள் எத்தனை பேர், இரவில் வந்த அட்மிஷன் எத்தனை, பதிவு பெற்ற செவிலியர் எத்தனை பேர், உதவியாளர் எத்தனை பேர். அதற்குக் கீழே, எந்த நோயாளியின் நிலை உனக்குக் கவலை தந்தது, எத்தனை மணிக்குக் கவனித்தாய், எத்தனை மணிக்கு யாரிடம் தெரிவித்தாய், திரும்ப எத்தனை மணிக்குப் பார்த்தாய் என்று எழுது. வார்டை விட்டு மருந்தகத்துக்கோ பில்லிங்குக்கோ போனால், போன நேரமும் வந்த நேரமும் எழுது. உன் கருத்து ஒரு வரியும் வேண்டாம். பதினைந்து இரவுகளுக்கு இப்படி எழுதியதும் இன்சார்ஜோடு அமர்ந்து ஒரே தாளில் தொகுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் கவனத்தில் வை. ரிப்போர்ட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளாதே, அதில் நோயாளிகளின் பெயர்கள் இருக்கும். தேதி, எண்ணிக்கை, நேரம் இவற்றை மட்டும் உன் சொந்தக் குறிப்பேட்டில் அன்றன்று எழுதிக்கொள். அடுத்த முறை யாருக்காவது மகனின் பெயர் மாறிப்போனால், அரை மணி நேரம் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவரை எழுப்பு, அவர் எரிந்து விழுந்தாலும் எழுப்பு, எழுப்பிய நேரத்தையும் எழுதி வை.